அம்பாசடர் இன்ஜினைப் பிரித்துக் கட்டி கார்புரேட்டரையும் மாற்றிய பிறகு: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

அப்பாவின் அம்பாசடர் 1977ஆம் வருடத்து வண்டி. போன வருடம் பங்குனியில் சத்துவாச்சாரி வீட்டு வாசலிலேயே இன்ஜினை இறக்கினோம். பிளாக்கை லேத்துக்குக் கொடுத்து போரிங் போட்டு, கிராங்கை கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன், புது பேரிங்குடன் திரும்ப ஏற்றினோம். ஏற்றிய அன்றே, ஷாஃப்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த பழைய சோலெக்ஸ் கார்புரேட்டரை (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) கழற்றிவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் வாங்கிவந்த இன்னொரு சோலெக்ஸைப் பூட்டினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் அடுத்த மூன்று வாரமும் தினம் ஒரு புகார். எது வந்தாலும் கார்புரேட்டரைத்தான் கழற்றினேன், அதுதானே புதிதாக வந்த பொருள், கைக்கும் எட்டுகிறது. எல்லாம் சரியான பிறகு எழுதி வைத்திருந்ததைப் புரட்டிப் பார்த்தால், ஏழு புகாரில் இரண்டுக்குத்தான் கார்புரேட்டர் காரணம்.

அதனால் இன்னும் இன்ஜின் ஏற்றாதவர்களுக்கு முதல் வார்த்தை: பழைய கார்புரேட்டர் சுமாராக வேலை செய்தால்கூடப் போதும், அதையே பூட்டி 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். இன்ஜின் நிதானத்துக்கு வந்த பிறகு புதியதைப் பூட்டுங்கள். அப்போது வரும் கோளாறு எதனால் என்று சந்தேகமே இருக்காது. ஏற்கெனவே இரண்டையும் மாற்றிவிட்டீர்களா? சரி, கீழே உள்ளவை உங்களுக்காக.

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் இப்போது பார்க்கும் வரிசை இது: கம்ப்ரஷன், டேப்பட் (வால்வு இடைவெளி), ஸ்பார்க், டைமிங், காற்றுக் கசிவு, பெட்ரோல் வரத்து. இத்தனையும் சரியென்றால்தான் கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகை, தொடுவேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தேதியோடு நோட்டில் எழுதிவிட வேண்டும். கையில் இருக்க வேண்டியவை ஃபில்லர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், முடிந்தால் ஒரு வேக்கம் கேஜ். பக்கத்தில் ஒரு தீயணைப்பான் கட்டாயம். பெட்ரோல் பைப்பைக் கழற்றும்போது மண் வாளியாவது இருக்கட்டும்.

ஆயில் பிரஷர் முள் ஏறவில்லை

இதைப் பார்க்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. புதிதாகக் கட்டிய இன்ஜினில் ஆயில் பம்ப் வறண்டு கிடக்கும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, காயில் வயரையும் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து நொடியாகச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் பேரிங் மேல் பாரம் விழாது. முள் அசைந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். அப்படியும் அசையவில்லையென்றால் ஃபில்டருக்குப் போகும் யூனியனைத் தளர்த்திப் பாருங்கள், அங்கே ஆயில் வருகிறதா என்று. வருகிறது, முள் மட்டும் ஏறவில்லை என்றால் கேஜ் பைப்பில் காற்று அடைத்திருக்கும். அங்கேயும் வரவில்லையென்றால் சம்ப்பை, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, இறக்கத்தான் வேண்டும். பம்புக்குள் கிரீஸோ கெட்டி ஆயிலோ வைத்துக் கட்டியிருந்தால் இந்தத் தொல்லை வராது.

ஓடும்போது சூடான இன்ஜினில் 50 பவுண்டு அளவிலும், ஐட்லிங்கில் 15க்குக் கீழே போகாமலும் இருந்தால் நிம்மதி.

ஸ்டார்ட்டர் முனகுகிறது, சோக் கேபிள் சுடுகிறது

முதலில் பேட்டரியைச் சந்தேகிப்போம். புதுசாக இறுகக் கட்டிய இன்ஜின், சுற்றக் கனமாகத்தான் இருக்கும் என்றும் சமாதானம் சொல்லிக்கொள்வோம். சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை கரன்ட்டும் திரும்பிப் போக வழியில்லாமல், மெல்லிய சோக் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ போகிறது. இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டாமல் விட்டாலும் இதேதான். அந்தக் கேபிள் கார்புரேட்டரில் போய் முடிகிறது, அங்கே பெட்ரோல் இருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

ஒரு பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை அல்லது தப்பான நேரத்தில் வருகிறது. பிரித்துக் கட்டிய இன்ஜினில் பத்துக்கு எட்டு தடவை நனைந்துதான் இருக்கும்.

எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் பிழை, டிஸ்ட்ரிபியூட்டரை 180 டிகிரி தப்பாக உட்கார வைப்பது. கிராங்க் புல்லியில் டைமிங் குறி நேராக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் குறி இரண்டு சுற்றில் இரண்டு முறை நேராக வரும், ஒருமுறைதான் முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன். இதைப் பிரித்தறிய, முதல் பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்து இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு குறி நேராக வந்தால் அதுதான் சரியான இடம். வால்வு கவர் திறந்திருந்தால் இன்னும் சுலபம். முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்க, நான்காவதின் ராக்கர்கள் ஒன்று இறங்கி மற்றது ஏறும் நிலையில் இருக்கும். அந்த நிலையில் ரோட்டார் காட்டும் இடத்தில் முதல் பிளக் வயர் இருக்க வேண்டும். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் 1, 3, 4, 2.

அப்புறம் பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரன்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் புது சி.பி. பாயிண்ட்டின் முகத்தில் துரு வராமலிருக்க ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். அதைத் துடைக்காமல் பூட்டினால் ஸ்பார்க் வராது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிளக் இடைவெளி 0.64.

இத்தனையும் சரி, கார்புரேட்டர் பக்கம் படபடவென்று திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங் செயினைச் சந்தேகிக்க வேண்டும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டிலும் கேம் ஸ்ப்ராக்கெட்டிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரு பல் மாறினாலும் முன்பக்கத்தைத் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். கவரை மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகம் வராது.

பிடிக்கிறது, சோக்கைத் தள்ளினால் நின்றுவிடுகிறது

கூடவே ஐட்லிங் ஏறி இறங்கி ஊசலாடும். சோக் போட்டால் நன்றாக ஓடுகிறது என்றால், கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. அதிகக் காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது.

என் வண்டியில் வந்தது மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில். அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், ஒரே வரிசை நட்டுகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. இரண்டின் ஃபிளேஞ்சும் ஒரே கனத்தில் இல்லையென்றால் வாஷர் ஒரு பக்கம்தான் அழுத்தும், மறுபக்கம் கேஸ்கெட் கடிபடாது. ஹெட் ஃபேசிங் செய்யும்போதே மேனிஃபோல்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஃபேசிங் செய்யச் சொல்லியிருந்தால் எனக்கு ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டர் அடிப்பகுதி, மேனிஃபோல்டு ஓரம், வேக்கம் பைப் முனை என்று ஒவ்வொரு இடமாக ஒரு கரண்டி சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் ஒரு கணம் அடைபட்டு ஐட்லிங் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் இந்த இன்ஜினில் அதைச் செய்யாதீர்கள். வேக்கம் கேஜ் இருந்தால், ஐட்லிங்கில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். அசையாமல் ஆனால் கீழே நின்றால் காற்றுக் கசிவு அல்லது தாமதமான டைமிங். ஒரே தாளத்தில் துடித்தால் ஏதோ ஒரு வால்வு மூடவில்லை.

கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடிமனான இன்சுலேட்டர் கட்டையையும் கழற்றிப் பாருங்கள். பழையது நாளாக ஆக வளைந்துவிடும். கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து அதில் தேய்த்துச் சமமாக்கினால் போதும். நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கினால் கார்புரேட்டரின் காதுகள்தான் வளையும்.

காற்றுக் கசிவே இல்லையென்று உறுதியான பிறகு பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். சோலெக்ஸில் கலவை ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்காரவைத்து, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது ஆரம்ப நிலை. வெளியே எடுக்க எடுக்கப் பெட்ரோல் கூடும். எஸ்யூ என்ற வேறு வகைக் கார்புரேட்டர் பூட்டிய அம்பாசடர்களும் உண்டு. அதில் அடியில் இருக்கும் ஜெட் நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும்.

மிதித்தால் ஒரு நொடி செத்துப்போய்ப் பிறகு எடுக்கிறது

இதுதான் உண்மையிலேயே கார்புரேட்டரின் புகார், என் ஏழில் ஒன்று. ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜினை நிறுத்திவிட்டு, த்ராட்டிலைக் கையால் சட்டென்று திறங்கள். உள்ளே ஒரு மெல்லிய பீச்சல் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் ரப்பர் டயஃப்ரம் விறைத்துப்போயிருக்கும், அல்லது பம்ப் ஜெட் அடைத்திருக்கும். பல வருடம் கடையில் கிடந்த கார்புரேட்டருக்கு டயஃப்ரம், நீடில் வால்வு, கேஸ்கெட் மூன்றையும் மாற்றாமல் பூட்டவே கூடாது.

பீச்சல் நன்றாக இருந்தும் வண்டி திணறினால் ஜெட் எண்களைப் பாருங்கள். சோலெக்ஸில் ஜெட்டின் தலையில் எண் பொறித்திருக்கும். 120 என்றால் ஓட்டை 1.20 மில்லிமீட்டர் என்று கணக்கு. மெயின் ஜெட், ஏர் கரெக்ஷன் ஜெட், பைலட் ஜெட், பம்ப் ஜெட், உள்ளே இருக்கும் சோக் டியூப் (காற்று போகும் குறுகிய தொண்டைக் குழாய்), இந்த ஐந்தின் எண்ணையும் பழைய கார்புரேட்டரிலிருந்து எழுதி வைத்துக்கொண்டு புதியதோடு ஒப்பிடுங்கள். வெளியே பார்க்க ஒன்று போலவே இருந்தாலும், எந்த வண்டிக்குச் செய்தது என்பதைப் பொறுத்து உள்ளே மாறும். நான் வாங்கி வந்ததில் மெயின் ஜெட் பத்து எண் சிறியது. பழைய கார்புரேட்டரைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் அதன் ஜெட்டுகளையே மாற்றிப் பூட்டினேன், திணறல் பாதி போனது.

மீதிப் பாதிக்குக் காரணம் இன்றைய பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே 1970களில் தேர்ந்தெடுத்த அதே ஜெட்டில் அதே அளவு திரவம் போனாலும், இன்று கலவையில் காற்று மிஞ்சுகிறது. நான் மெயின் ஜெட்டைப் பழைய எண்ணைவிட ஒரு படி, அதாவது 5 எண் கூட்டினேன். சத்துவாச்சாரியிலிருந்து ரத்தினகிரி வரை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, ஓட்டத்திலேயே சாவியை அணைத்துக் கிளட்சை மிதித்து ஓரம் கட்டி, பிளக்கைப் பார்த்தேன். முன்பு வெளுத்துச் சாம்பலாக இருந்த முனை இளம் பழுப்பாக மாறியிருந்தது. அதுதான் வேண்டிய நிறம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். புது கார்புரேட்டரில் வேக்கம் அட்வான்ஸ் பைப் மாட்டும் துளை சரியான இடத்தில் இருக்கிறதா? அது த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழே இருக்கும் துளையில் மாட்டினால் ஐட்லிங்கிலேயே டைமிங் முழுதும் முன்னேறிவிடும். ஆக்ஸிலரேட்டரை ஒருவர் முழுக்க மிதிக்க, த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். லிவரின் நீளம் மாறியிருந்தால் முக்கால்தான் திறக்கும். மலை ஏறும்போதுதான் அது தெரியவரும்.

வெயிலில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை

நம் ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். காட்பாடி பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். மார்க்கெட் பக்கம் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் நின்றால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். எல்லாரும் இதை ‘ஏர் லாக்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இதில் நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

வண்டி நின்றுபோன அந்த நிமிடத்திலேயே, குளிர்வதற்கு முன் பார்த்தால்தான் உண்மை தெரியும். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் டேங்க் மூச்சுவிடும் துளை அடைத்திருக்கிறது, பெட்ரோல் வர வழியில்லை. மூடியின் துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது.

அடுத்து ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் திறங்கள். உள்ளே பெட்ரோல் நனைந்து வழிகிறதென்றால், மிதவைத் தொட்டியில் இருந்த பெட்ரோல் கொதித்துப் பொங்கி மேனிஃபோல்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஓடும்போது குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால் தெரியாது. நிறுத்தியதும் அடியில் இருக்கும் எக்ஸாஸ்ட்டின் சூடு மேலே ஏறும், ஃபேனும் சுற்றாது. இந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பவர்கள் இன்னும் பெட்ரோலைத்தான் ஊற்றுகிறார்கள். ஒரே மிதியாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, விடாமல், ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காற்று உள்ளே போய்க் கலவை சரியானதும் பிடித்துக்கொள்ளும்.

பீச்சலே வரவில்லை, தொண்டை காய்ந்திருக்கிறது என்றால், மிதவைத் தொட்டி காலி. ஏ.சி. பம்ப் என்று நாம் சொல்லும் பெட்ரோல் பம்ப்பிலோ அதற்கு வரும் பைப்பிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டது, பம்ப் ஆவியைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. பம்ப் மேல் ஈரத் துணியைப் போட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பது பழைய லாரி டிரைவர்கள் செய்த வைத்தியம். இன்றும் அது வேலை செய்யும், ஆனால் வீடு வந்து சேரத்தான் உதவும்.

மூன்றாவது சோதனை ஸ்பார்க். பெட்ரோல் இருக்கிறது, வழியவும் இல்லை என்றால், காயில் வயரை இன்ஜின் உலோகத்துக்கு 5 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன் பெட்ரோல் வழிந்த இடத்தைத் துடைத்து ஆறவிட வேண்டும். நீலமாகச் ‘சட் சட்’ என்று அடிக்காமல் மஞ்சளாக மெலிந்து வந்தால், சூட்டில் கண்டன்சரோ காயிலோ தளர்ந்துபோகிறது. குளிர்ந்ததும் அது சரியாகிவிடுவதால்தான் எல்லாரும் பெட்ரோலையே குற்றம் சொல்கிறோம். என் வண்டியில் நடந்தது இதுதான். பெட்ரோல் பைப்பை இடம் மாற்றி, ஹீட் ஷீல்டு செய்து, எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு கண்டன்சரை மாற்றியதும் தீர்ந்தது. ஹீட் ஷீல்டு வீண் போகவில்லை, அதைப் பற்றியும் சொல்கிறேன்.

கொதிப்பும் ஆவியும்தான் காரணம் என்று உறுதியானால் நிரந்தரத் தீர்வு மூன்று. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் இன்சுலேட்டர் கட்டையைச் சேர்த்துத்தான் பூட்ட வேண்டும். சில மெக்கானிக்குகள் புது கார்புரேட்டரின் உயரத்துக்காக அதை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கெட் வைத்துவிடுகிறார்கள், பிறகு வெயிலில் வண்டி நிற்காமல் என்ன செய்யும்? இரண்டாவது, கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடு. இன்சுலேட்டருக்கும் கேஸ்கெட்டுக்கும் இடையில் அதைப் பிடித்து, எக்ஸாஸ்ட் மேல் படாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு வளைத்தால் போதும். மூன்றாவது, பம்ப்பிலிருந்து வரும் பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்தும் ரேடியேட்டர் ஹோஸிலிருந்தும் விலக்கிக் கட்டுவது.

முள் சிவப்புக்கு ஏறுகிறது

புதிதாகக் கட்டிய இன்ஜின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் சூடாகவே ஓடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் நான்காவது வளைவிலேயே கொதித்தால் அது கோளாறு.

டைமிங் தாமதமாக இருந்தால் சூடு எக்ஸாஸ்ட்டிலும் ஹெட்டிலும் தங்கிவிடும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் தண்ணீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு நாற்பது வருடமாக பிளாக்குக்குள் சேர்ந்திருக்கும், அதிலும் தண்ணீர் மெதுவாகப் போகும் நான்காவது சிலிண்டருக்குப் பின்னால் சேறாகவே இருக்கும். போரிங்குக்குக் கொடுக்கும்போதே கோர் பிளக்குகளை எல்லாம் எடுத்து, கம்பியால் கிளறி, பிளாக்கைக் கழுவச் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கிலிருந்து ஒரு பெரிய டம்ளர் நிறையச் செதில் வந்தது. ரேடியேட்டரையும் மேல் தொட்டியைப் பிரித்து, ராடு விட்டுச் சுத்தம் செய்யுங்கள். திரும்ப ஊற்றுவது போர்வெல் தண்ணீராக இருக்கக் கூடாது. டிஸ்டில்ட் வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

ஹெட் கேஸ்கெட்டைத் தலைகீழாகவோ முன்பின்னாகவோ வைத்தாலும் தண்ணீர் ஓட்டைகள் மூடிக்கொள்ளும். ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தால் கேஸ்கெட் ஊதியிருக்கிறது, அப்போது ஓட்டாதீர்கள்.

புகை

கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுதாக உள்ளே தள்ளப்படவில்லை, மிதவை உயரம் தப்பு, அல்லது ஏர் கிளீனர் அடைப்பு. குளிர்காலக் காலையில் வெள்ளை வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

நீலம்தான் மனதை வாட்டும், இவ்வளவு செலவு செய்தும் ஆயில் எரிகிறதே என்று. எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, திரும்ப மிதிக்கும்போது ஒரு கொத்தாக வந்தால் வால்வு கைடும் சீலும். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கையும் பாருங்கள், ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருப்பதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றித் திரும்பப் பார்த்து, ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ரிங் என்று வந்தாலும் உடனே பிரிக்க வேண்டாம். புது ரிங் சிலிண்டரோடு உராய்ந்து உட்கார வேண்டும், அதற்கு இன்ஜினுக்குப் பாரம் வேண்டும். வீட்டு வாசலில் மணிக்கணக்காக ஐட்லிங்கில் ஓட்டி ‘செட்’ செய்வது நேர்மாறான பலனைத் தரும், சுவர் வழவழப்பாகிவிடும். முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புது கேமுக்காக 20 நிமிடம் 1,500 முதல் 2,000 சுற்றில் ஓட்டிவிட்டு, பிறகு ரோட்டுக்குக் கொண்டுபோங்கள். மேல் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60 வரை நன்றாக இழுத்து, கால் எடுத்து விட்டு, மறுபடி இழுத்து, இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. சாதாரண மினரல் ஆயில் போதும், சிந்தெடிக் இப்போது வேண்டாம். 1,000 கிலோமீட்டர் கழித்தும் புகை குறையவில்லையென்றால், ஹோனிங்கில் குறுக்குக் கோடுகள் விழவில்லை, அல்லது ரிங் தலைகீழாகப் போயிருக்கிறது. பூட்டும்போதே ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் தள்ளி முனை இடைவெளியை அளந்திருக்க வேண்டும். இந்த 73 மில்லிமீட்டர் போருக்கு 0.20 முதல் 0.33 வரை.

டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை, ஆயில் மட்டம் ஏறுகிறது

ஆயில் குறையவே இல்லை, கூடுகிறதே என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இது மிக ஆபத்தானது. ஏ.சி. பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் நேரே சம்ப்புக்குள் இறங்குகிறது, அல்லது கார்புரேட்டரின் நீடில் வால்வு மூடாமல் வழிந்து சிலிண்டர் வழியே இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போனால் புது பேரிங் சில நூறு கிலோமீட்டரில் போய்விடும். வாசனை வந்த நிமிடமே நிறுத்தி, ஆயிலைக் கொட்டிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். பம்ப் டயஃப்ரத்தோடு ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

டேப்பட் சத்தம் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது

சத்தம் கூடினால் எல்லாரும் கவனிப்போம், குறைந்தால் கவனிக்க மாட்டோம். 2000ஆம் ஆண்டோடு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் பழைய இரும்பு ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்தது. இப்போது நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி சுருங்கும், ஒருநாள் வால்வு மூடாமல் எரியும். ஹெட் வெளியே இருக்கும்போதே எக்ஸாஸ்ட்டுக்குக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுவது நல்லது. நாங்கள் போடவில்லை, அதனால் அளந்துகொண்டே இருக்கிறேன்.

அளக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. எட்டு வால்வில் எது முழுதாகத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை 9லிருந்து கழித்தால் வருவதுதான் அப்போது அளக்க வேண்டிய வால்வு. 8 திறந்திருந்தால் 1, 3 திறந்திருந்தால் 6. நாங்கள் வைத்தது 0.38 மில்லிமீட்டர். 500 கிலோமீட்டரில் ஹெட் நட்டுகளைத் திரும்ப முறுக்கிவிட்டு அளந்து சரிசெய்தேன், பிறகு ஒவ்வொரு ஆயிரத்துக்கும். இப்போது 4,000 ஓடியிருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுகளில் ஒன்று மட்டும் 0.33க்கு வந்திருக்கிறது, மற்ற மூன்றும் அசையவில்லை. அடுத்த ஆயிரத்தில் அது இன்னும் இறங்கினால் ஹெட்டைக் கழற்றி நான்குக்கும் வளையம் போட லேத்துக்குக் கொடுப்பதாக இருக்கிறேன்.